தெருமுனைப் பப்பைப் புதுப்பித்தால் பாதிப் பேர் ஏன் முகம் சுளிக்கிறார்கள்?

கேள்வி இது: "இங்கிலாந்துக்கு வந்து ஓராண்டு ஆகிறது. எங்கள் தெருமுனையில் இருந்த பழைய பப்பை மூன்று மாதம் மூடிவைத்துப் புதுப்பித்துத் திறந்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர் 'கெடுத்துக் குட்டிச்சுவராக்கிவிட்டார்கள்' என்கிறார். என் அலுவலகத்தில் இருப்பவர்களோ 'இப்போதுதான் உள்ளே கால் வைக்கிற மாதிரி இருக்கிறது' என்கிறார்கள். நான் அதிகம் குடிப்பவன் இல்லை. அக்கம்பக்கத்தில் நாலு பேரைத் தெரிந்துகொள்ளலாம் என்றுதான் போக நினைக்கிறேன். யார் சொல்வதை நம்புவது?"

இரண்டு பேரையும் நம்புங்கள். பெரியவர் போவது செவ்வாய்க்கிழமை மாலை நாலு மணிக்கு. அலுவலக நண்பர்கள் போவது சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு. கதவு ஒன்றுதான், ஆனால் அந்த இரண்டு நேரங்களில் அது இரண்டு கடை. புதுப்பிக்கிறவர்கள் பெரும்பாலும் சனிக்கிழமைக் கூட்டத்தை மனதில் வைத்துத்தான் புதுப்பிக்கிறார்கள். செவ்வாய்க்கிழமைக்காரர் அதில் அடிபடுகிறார்.

இதை நான் கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று பார்த்தவன். 2008-லிருந்து 2010 வரை லெஸ்டரில் படித்தபோது, மாணவர் விசாவில் அனுமதித்த வாரம் 20 மணி நேரத்தை ஒரு பப்பில் கழித்தேன். பெயர் வேண்டாம். கார்ப்பெட் போட்ட, ஜன்னலில் பூவேலைக் கண்ணாடி இருந்த, சாதாரணத் தெருமுனைப் பப். இரண்டாம் வருடம் ஐந்து வாரம் மூடி எல்லாவற்றையும் மாற்றினார்கள். மறுபடி திறந்த நாளன்று மாலையில் ஒரு பெரியவர் வந்தார். பின்னலாடை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். (லெஸ்டர் ஒரு காலத்தில் நம் திருப்பூர் மாதிரி.) கவுன்ட்டரின் இடது ஓரம், சுவரை ஒட்டிய இடம் அவருடையது. கையில் எப்போதும் ஒரு துணிப்பை இருக்கும். வந்ததும் கவுன்ட்டர் பலகைக்கு அடியில் கையை விட்டு, அங்கிருந்த பித்தளைக் கொக்கியில் பையை மாட்டிவிட்டுத்தான் நிமிர்ந்து பார்ப்பார். அன்றைக்கும் கையை விட்டார். கொக்கி இல்லை. புதுப் பலகையின் அடியைத் தடவிக்கொண்டே இரண்டடி நகர்ந்தார். அப்புறம் பையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு மைல்ட் கேட்டார்.

மைல்ட் என்பது கறுப்பாக, கசப்பும் போதையும் குறைவாக இருக்கிற ஒரு வகை ஏல் (ஏல் என்பது பியரில் ஒரு வகை). மூன்று, மூன்றரை சதவீதம்தான் ஆல்கஹால் இருக்கும். ஆலையில் உழைத்துவிட்டு வருகிறவர் நாலு பைன்ட் (ஒரு பைன்ட் அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல்) குடித்தாலும் நிதானமாக வீடு போய்ச் சேரலாம். மிட்லண்ட்ஸ் என்கிற இங்கிலாந்தின் நடுப்பகுதியில் அதற்கு ஒரு விசுவாசக் கூட்டம் உண்டு. அதை ஊற்றுகிற கைப்பம்பையும் எடுத்துவிட்டிருந்தார்கள். அவர் வேறு ஏதோ அரை பைன்ட் வாங்கி நின்றபடியே குடித்தார். "வெரி நைஸ்" என்று சுற்றிலும் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். அப்புறம் இரண்டு மாதம் அவரைக் காணவில்லை.

அவரிடம் யாராவது கருத்துக் கேட்டிருந்தால் பெயின்ட் பிடிக்கவில்லை, விலை ஏறிவிட்டது என்று சொல்லியிருப்பார். கொக்கியைப் பற்றி வாயே திறந்திருக்க மாட்டார், அது ஒரு விஷயமா என்று. ஆகையால் புதுப்பித்த பப்பைப் பற்றி யார் என்ன சொன்னாலும் நான் அதை நேரடியாக எடுத்துக்கொள்வதில்லை. அதற்கு அடியில் ஒரே கேள்விதான் பெரும்பாலும் இருக்கும்: தனியாக, முன்பதிவு இல்லாமல், ஒரு காரணமும் இல்லாமல் வருகிற ஆளுக்கு இங்கே இன்னும் இடம் இருக்கிறதா? இங்கே ஆட்கள் தங்கள் பப்பை 'லோக்கல்' என்று சொல்வது அந்த அர்த்தத்தில்தான். பக்கத்தில் இருப்பதால் மட்டும் ஒரு பப் லோக்கல் ஆகிவிடாது.

பழைய பப்பின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் பெரியவர்களின் கோபம் கொஞ்சம் புரியும். அந்தக் காலத்துப் பப் ஒரே கூடமாக இருக்காது. பப்ளிக் பார் என்று ஒரு பக்கம்: வெறும் தரை, மர பெஞ்சு, டார்ட்ஸ் (பலகையில் சின்ன அம்பு எறிகிற விளையாட்டு). சலூன் பார் என்று இன்னொரு பக்கம் (முடி வெட்டுகிற சலூன் இல்லை): கம்பளம், மெத்தை இருக்கை, அதே பியருக்குச் சில பென்ஸ் கூடுதல். இவை தவிர ஸ்னக் என்ற சின்ன அறை, வெளியே தெரியாமல் குடிக்க விரும்புகிறவர்களுக்கு. 1960, 70-களில் பெரும்பாலான இடங்களில் தடுப்புச் சுவர்களை இடித்து ஒரே கூடமாக்கினார்கள். அப்போதும் பெரியவர்கள் கெடுத்துவிட்டார்கள் என்றுதான் சொல்லியிருப்பார்கள். உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் இழந்துவிட்டதாக நினைக்கிற 'பழைய' பப்பே ஒரு புதுப்பிப்பின் மிச்சமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்த பெரிய மாற்றம் உணவு. 1991-ல் லண்டன் ஃபாரிங்டன் சாலையில் 'தி ஈகிள்' என்ற பப்பை இரண்டு பேர் எடுத்து, நல்ல சமையலைப் பப்புக்குள்ளேயே கொண்டுவந்தார்கள். காஸ்ட்ரோபப் என்ற சொல் அங்கிருந்துதான் பரவியது. பிறகு 2007 ஜூலை 1 முதல் இங்கிலாந்தில் மூடிய பொது இடங்களில் புகைக்கத் தடை வந்தது. அதன் விளைவை வெளியில் இருப்பவர்கள் யூகிக்க முடியாது. சிகரெட் புகை போனதும், அதுவரை அது மறைத்து வைத்திருந்த நாற்றமெல்லாம் வெளியே வந்தது: ஆண்டுக்கணக்காகக் கம்பளத்தில் சிந்திய பியர், கழிவறை, ஈரக் கோட்டு, நாய். நான் வேலைக்குச் சேர்ந்தபோது கூரை இன்னும் தேநீர் நிறத்தில் இருந்தது. அதை வெள்ளையாக்கியதையே ஒருவர் குறையாகச் சொன்னார். 'ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது' என்றார்.

சரி, உங்களுக்கு நடைமுறையில் உதவுகிற விஷயத்துக்கு வருகிறேன். புதுப்பித்த பப்பைப் பற்றி வருகிற புகார்களில் முதலாவது, சத்தம். 'முன்பு மாதிரி பேச முடியவில்லை' என்பார்கள். வயதானவர்களின் புலம்பல் என்று இளையவர்கள் ஒதுக்கிவிடுவார்கள். ஆனால் இது வெறும் இயற்பியல். கம்பளம், திரைச்சீலை, மெத்தை வைத்த பெஞ்சு, தாழ்ந்த கூரை எல்லாம் சத்தத்தை உறிஞ்சும். வடிவமைப்பாளர் வந்து கம்பளத்தைக் கிழித்துப் பலகைத் தரையைத் திறக்கிறார், சுவரின் பூச்சைப் பெயர்த்துச் செங்கல்லைக் காட்டுகிறார், திரையை எடுத்துவிடுகிறார். படத்தில் அழகாக இருக்கும். முப்பது பேர் உள்ளே வந்ததும் பேச்சொலி சுவரில் பட்டுப் பட்டுத் திரும்பும். பக்கத்து மேசையை மீறிக் கேட்க நீங்கள் குரலை உயர்த்துவீர்கள், அவர்களும் உயர்த்துவார்கள். காது கேட்கும் கருவி வைத்திருக்கிறவருக்கு அது நரகம். வெதர்ஸ்பூன் என்ற மலிவு விலைச் சங்கிலியின் பப்புகளைக் கிண்டல் செய்யாத ஆள் இங்கே குறைவு, ஆனால் ஒவ்வொரு கிளைக்கும் தனி வடிவத்தில் கம்பளம் நெய்து போடுகிறார்களே, அதில் எனக்கு மரியாதை உண்டு. அங்கே எண்பது வயதுக்காரர் இருவர் காலையில் உட்கார்ந்து சாவகாசமாகப் பேசிக்கொண்டிருப்பதை நீங்கள் பார்க்கலாம். விலை ஒரு காரணம், தரையும் ஒரு காரணம்.

இரண்டாவது, இருக்கை. பழைய பப்பில் சுவரை ஒட்டி நீளமாக ஒரு மெத்தை பெஞ்சு ஓடும். தனியாக வருகிறவர் சுவரில் முதுகு சாய்த்து, கூடத்தைப் பார்த்தபடி உட்காரலாம். பக்கத்தில் யாராவது உட்கார்ந்தால் பேச்சு தானாக வரும், வராவிட்டாலும் குற்றமில்லை. இப்போது அதைப் பெயர்த்துவிட்டு நாலு நாற்காலி போட்ட மேசைகள் வைக்கிறார்கள், அல்லது காலைத் தொங்கப்போட்டு உட்காருகிற உயர மேசை. மூட்டுவலிக்காரர் அதில் ஏற முடியாது. நாலு பேர் மேசையில் ஒற்றை ஆளாக உட்கார்ந்தால், யாரும் ஒன்றும் சொல்லாவிட்டாலும் கூச்சமாக இருக்கும். அதன் மேல் 'ரிசர்வ்டு' அட்டை இருந்தால் கேட்கவே வேண்டாம். "புக் பண்ணியிருக்கிறீர்களா?" என்று வாசலிலேயே கேட்கிற இடத்தை நான் பப் என்று சொல்ல மாட்டேன். அது கவுன்ட்டர் வைத்த உணவகம்.

டார்ட்ஸ் பலகை போய்விட்டது என்ற வருத்தமும் இதே வகை. கணக்கைப் பாருங்கள்: பலகைக்கும் எறிகிறவர் நிற்கும் கோட்டுக்கும் இடையே 2.37 மீட்டர் காலியாக இருக்க வேண்டும். எறிகிறவருக்குப் பின்னால், பக்கத்தில், வேடிக்கை பார்ப்பவர்களுக்கு என்று சேர்த்தால் மூன்று சாப்பாட்டு மேசை போடுகிற இடம். நிறுவனத்துக்காரர் ஞாயிற்றுக்கிழமை ரோஸ்ட் விற்கிற மூன்று மேசையாக அதைப் பார்க்கிறார். ஈ ஓட்டுகிற வார நாளில் இரண்டு டார்ட்ஸ் அணியும் அவர்களுடைய சொந்தபந்தமும் வந்து குடித்த பியர் அந்தக் கணக்கில் வருவதில்லை.

பியரைப் பற்றிய புகாரைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள், ஏனென்றால் அதில் பழைய வாடிக்கையாளர்கள் சொல்வது பெரும்பாலும் சரி. காஸ்க் ஏல் என்பது பீப்பாய்க்குள்ளேயே இன்னும் நொதித்துக்கொண்டிருக்கிற உயிருள்ள சரக்கு. நிலவறையில் 11-லிருந்து 13 டிகிரி வெப்பத்தில் வைத்து, கைப்பம்பால் இழுத்து ஊற்றுவார்கள். திறந்த பீப்பாய் மூன்று நாளில் தீர வேண்டும். அதற்குமேல் காற்றுப் பட்டுப் புளிக்கத் தொடங்கும். பழைய பப்பில் இரண்டு பம்புதான், ஆனால் ரெகுலர்கள் தினமும் இழுத்துக் குடித்ததால் சரக்கு தேங்கவில்லை. புதுப்பித்த இடத்தில் தோரணையாக ஆறு பம்பு வைப்பார்கள். வருகிறவர்களில் பாதிப் பேர் ஒயினும் காக்டெய்லும் கேட்பார்கள். பீப்பாய் ஆறு நாள் நிற்கும், ஏல் புளிக்கும். ஏல் குடிக்கிற பத்துப் பேரில் நாலு பேர் நின்றுவிடுவார்கள். மிச்சம் ஆறு பேருக்கு அது இன்னும் மெதுவாகத் தீரும். ஆறு பம்பை மூன்றாகக் குறைக்கிற புத்தி யாருக்காவது வருகிறவரை இது ஓடும். நீங்கள் ஏல் குடிக்கப்போவதில்லை என்றாலும், பம்புகளில் எத்தனை பெயர்ப்பட்டை திருப்பி மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். திருப்பி மாட்டியிருந்தால் அந்தச் சரக்கு தீர்ந்துவிட்டது, அடுத்தது தயாராகவில்லை என்று அர்த்தம். எப்போதாவது ஒன்று அப்படி இருப்பது நல்ல அறிகுறிதான், விற்பனை ஆகிறது.

விலை ஏற்றத்துக்கு ஆட்கள் லேண்ட்லார்டைத் திட்டுவார்கள். இங்கே அந்தச் சொல்லுக்கு வீட்டுக்காரர் என்ற பொருளோடு பப்பை நடத்துகிறவர் என்ற பொருளும் உண்டு, கட்டடம் அவருடையதாக இல்லாவிட்டாலும். 1989-ல் அரசாங்கம் பெரிய பியர் ஆலைகள் வைத்திருந்த ஆயிரக்கணக்கான பப்புகளின் மேல் கட்டுப்பாடு கொண்டுவந்தது, 2,000-க்கு மேல் வைத்திருந்தவை அந்த உபரியில் பாதியை விட்டுவிட வேண்டும் என்று. போட்டி வளரும் என்று எதிர்பார்த்தார்கள். நடந்தது வேறு: பியர் காய்ச்சாத, பப்புகளை மட்டும் வாங்கிக் குவிக்கிற நிறுவனங்கள் முளைத்தன. அவர்களிடம் குத்தகை எடுத்தவர் வாடகையும் கொடுக்க வேண்டும், பியரையும் அவர்கள் சொல்கிற விலையில் அவர்களிடமே வாங்க வேண்டும். இதற்குத்தான் 'டை' (கட்டு) என்று பெயர். நிறுவனம் பணம் போட்டுப் புதுப்பித்தால் வாடகை ஏறும், அது பைன்டில் வந்து இறங்கும். 2016-ல் வந்த பப் விதிமுறை, 500-க்கு மேல் இப்படிப்பட்ட பப் வைத்திருக்கிற நிறுவனங்களின் குத்தகைதாரர்களுக்குக் கட்டு இல்லாமல் சந்தை வாடகை மட்டும் கேட்கிற உரிமையைக் கொடுத்தது. இருந்தாலும் கவுன்ட்டரில் நிற்கிற மனிதர் பெரும்பாலும் பெயின்ட்டின் நிறத்தைக்கூடத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார். எங்கள் லேண்ட்லேடி மைல்ட் பம்பு வேண்டும் என்று மூன்று முறை கேட்டது எனக்குத் தெரியும்.

எல்லோரும் ஒரே குரலில் பாராட்டுகிற ஒன்று உண்டு என்றால் அது கழிவறை. பெரியவர்கள்கூட இதில் புதுப்பித்தவர்கள் பக்கம்தான். பழையதே அழகாக இருந்து காப்பாற்றப்பட்ட இடங்களும் உண்டு: லிவர்பூலில் ஃபில்ஹார்மோனிக் டைனிங் ரூம்ஸ் என்ற விக்டோரியா காலத்துப் பப்பின் ஆண்கள் கழிவறையில் இளஞ்சிவப்புப் பளிங்குச் சிறுநீர்த் தொட்டிகள் இருக்கின்றன. அவற்றைப் பார்க்கவே ஆட்கள் வருகிறார்கள். 2020-ல் அந்தக் கட்டடத்துக்குப் பாதுகாப்பில் மிக உயர்ந்த முதல் தரத் தகுதி கொடுத்தார்கள்.

பழமையின் மேல் இவர்களுக்கு இருக்கிற பிடிப்புக்கு நான் சொல்கிற உதாரணம் லண்டன் மைடா வேலில் இருக்கிற கார்ல்டன் டேவர்ன். 1920-களின் தொடக்கத்தில் கட்டியது. பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவிக்கப் போகிறார்கள் என்ற நிலையில், 2015 ஏப்ரலில் உரிமை நிறுவனம் அனுமதி இல்லாமல் இடித்துத் தள்ளியது. இடிக்கப்போகிறார்கள் என்று தெருக்காரர்கள் முன்பே மோப்பம் பிடித்திருந்ததால், கட்டடத்தின் விவரங்களெல்லாம் பதிவாகியிருந்தன. வெஸ்ட்மின்ஸ்டர் நகரசபை, இருந்தது இருந்தபடியே திரும்பக் கட்ட வேண்டும் என்று உத்தரவிட்டது. செங்கல், ஓடு, பெயர்ப்பலகை என்று பார்த்துப் பார்த்துக் கட்டி 2021 ஏப்ரலில் திறந்தார்கள். 2000-ல் பிரிட்டனில் 60,000-க்கு மேல் இருந்த பப்புகள் இப்போது 45,000 அளவுக்குக் குறைந்துவிட்டன என்பதை நினைத்துக்கொண்டால், ஒரு தெருமுனைக் கட்டடத்துக்கு ஏன் இவ்வளவு மல்லுக்கட்டு என்று புரியும்.

ஆனால் 'அந்தக் காலத்துப் பப்' என்று யாராவது உருகும்போது நான் முழுதாகக் கரைந்துவிடுவதில்லை. பர்மிங்காமுக்குப் பக்கத்தில் ஸ்மெத்விக்கில், 1960-களில் சில பப்புகள் இந்தியர்களையும் கரீபியர்களையும் லவுஞ்ச் அறைக்குள் விடாது. 1965 பிப்ரவரியில் அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் அந்த ஊருக்கு வந்து இந்த நிறபேதத்தைப் பார்த்துவிட்டுப் போனார், ஒன்பது நாளில் நியூயார்க்கில் கொல்லப்பட்டார். அதே ஆண்டில் வந்த இனவுறவுச் சட்டம்தான் பொது இடங்களில் இதைச் சட்டவிரோதமாக்கியது. பெண்களுக்கும் இதே கதை உண்டு. லண்டன் ஃப்ளீட் தெருவில் எல் வினோ என்ற ஒயின் பாரில், கவுன்ட்டரில் நிற்கிற பெண்களுக்கு ஊற்ற மறுப்பது சட்டவிரோதம் என்று நீதிமன்றம் சொன்னது 1982-ல்தான். அந்த ஸ்மெத்விக், வெஸ்ட் பிரோமிச் பகுதியில் இப்போது பஞ்சாபிகள் நடத்துகிற தேசி பப்புகள் இருக்கின்றன: ஒரு பக்கம் பைன்ட், இன்னொரு பக்கம் வெங்காயத்தோடு சீறிக்கொண்டு வருகிற மிக்ஸ்டு கிரில். அங்கே வெள்ளைக்காரத் தாத்தாவும் சர்தார்ஜியும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பார்கள். லண்டன் இஸ்லிங்டனில் 2022-ல் பழைய பப் ஒன்று 'தி தமிழ் பிரின்ஸ்' என்ற பெயரில் திறந்தது. சமையல் நம் ஊர்க்காரருடையது. மேசை கிடைப்பதே கஷ்டம் என்பது வேறு விஷயம், என் அளவுகோலில் அதற்கும் மார்க் குறையத்தான் செய்யும்.

உங்களைப் போல நாலு பேரைத் தெரிந்துகொள்ளப் போகிறவர், முதல் மாதத்தில் எழுகிற பாராட்டையும் திட்டையும் கணக்கில் எடுக்க வேண்டாம். பாராட்டுகிறவர் புதுப் பெயின்டைப் பாராட்டுகிறார், திட்டுகிறவர் இழவு காக்கிறார். மூன்றாம் மாதத்தில் யார் திரும்பி வந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். எங்கள் பெரியவர் வந்தார். லேண்ட்லேடி கடைத்தெருவில் பத்துக் கொக்கி வாங்கி, யாரையும் கேட்காமல் பலகைக்கு அடியில் தானே திருகி வைத்தார். மைல்ட் கடைசிவரை வரவில்லை. பெரியவர் பிட்டருக்கு (கசப்பு கூடுதலான ஏல்) மாறிக்கொண்டார், வாரம் ஒருமுறையாவது அதைச் சொல்லிக்காட்டுவார்.

செவ்வாயோ புதனோ மாலை ஐந்து மணிக்குத் தனியாகப் போங்கள். மேசையைத் தேடாமல் கவுன்ட்டருக்கே போய், உங்களுக்கு முன்னால் நிற்பவர் யார் என்று மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். வரிசை கிடையாது, ஆனால் யாருக்குப் பின் யார் என்பது எல்லோருக்கும் தெரியும், அதை மீறினால் மன்னிக்க மாட்டார்கள். லைம் சோடா கேட்டால் யாரும் ஏளனமாகப் பார்க்க மாட்டார்கள், விலையும் குறைவு. பாதி கிளாஸ் முடிவதற்குள் பக்கத்தில் இருப்பவர் மழையைப் பற்றி ஏதாவது சொல்வார். பதில் சொல்லுங்கள். வினாடி வினா நடக்கிற நாள் எது என்று வாசல் பலகையில் பார்த்து முதல் தடவை அதைத் தவிர்த்துவிடுங்கள். தனியாக வருகிற புது ஆளைக் கண்டால் ஏதாவது ஓர் அணியில் இழுத்து உட்கார வைத்து, கிரிக்கெட் கேள்வி முழுவதையும் உங்கள் தலையில் கட்டிவிடுவார்கள்.